கம்பளத்தைத் தட்டுகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

"டாக்டரையா, என் வீட்டில ஒரு பொட்டுத் தூசி கெடக்காது. தெனமும் ரெண்டு நேரம் வாரியல வச்சுத் தட்டித்தான் போடுதேன். பொறவு ஏன் இந்தப் பிள்ளைக்கு இப்படி இழுக்கு?"

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஆச்சி என்னிடம் கேட்ட கேள்வி இது. (எங்கள் நெல்லைச் சீமையில் வாரியல் என்றால் துடைப்பம்.) பக்கத்தில் அவருடைய பேத்தி. எட்டு வயது. மெலிந்த உடம்பு. மூச்சு விடும்போது மார்புக்குள் விசில் சத்தம்.

அந்தக் குழந்தை ஐந்து மாதமாக என்னிடம் மருந்து சாப்பிட்டு வந்தாள். குழந்தைகள் நல மருத்துவர் கொடுத்த இன்ஹேலரும் நடந்து கொண்டிருந்தது. மருந்து கொடுத்தால் குறையும். பத்து நாளில் மறுபடி இழுக்கும். நானும் ஒவ்வொரு முறையும் அதே கேள்விகளைத்தான் கேட்டேன். ஐஸ்கிரீம் சாப்பிட்டாளா? தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு இருந்தாளா? ராத்திரியில் தயிர் சேர்த்தாளா? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே பதில்.

ஒருநாள் ஆச்சிக்கு மூட்டு வலி அதிகமாகி, நடக்க முடியவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் புரிந்துவிட்டது!

கூடம் முழுக்க ஒரு பெரிய கம்பளம். கால் வைத்தால் புதையும். வளைகுடாவில் வேலை பார்க்கும் குழந்தையின் அப்பா, லீவில் வந்தபோது கொண்டுவந்தது. அதன்மேல்தான் அந்தப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அதிலேயே மதியத் தூக்கமும். "அது எங்க அப்பா கார்ப்பெட்" என்று பெருமையாகச் சொன்னாள். ஆச்சியோ மூட்டு வலியையும் பொருட்படுத்தாமல், உட்கார்ந்தபடியே ஒரு மூலையைத் தென்னந்துடைப்பத்தால் 'பட் பட்' என்று தட்டிக் கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக வந்த வெயிலில் தூசி பொன்னாய் மின்னிக் கொண்டு பறந்தது. அந்தத் தூசிக்கு நடுவில் குழந்தை!

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து மாதமாக அவள் வாய்க்குள் என்ன போகிறது என்று கேட்டேனே தவிர, அவள் எதன்மேல் உட்காருகிறாள், எதன்மேல் படுக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தவறு ஆச்சியுடையது அல்ல. என்னுடையது.

தேரையர் சொன்னது

தேரையர் பெயரில் வழங்கும் 'பிணியணுகா விதி' என்ற பகுதியை சித்த மருத்துவம் படித்தவர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம் என்று ஒழுங்கு சொல்லிக்கொண்டே வரும் அவர், தூசியைப் பற்றியும் சொல்கிறார். துடைப்பத்திலிருந்து கிளம்பும் தூள் நம்மேல் படும்படி அதன் அருகில் போகக் கூடாது என்பது அதன் கருத்து.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இதை நான் படித்தேன். பரீட்சையில் எழுதினேன். மார்க்கும் வாங்கினேன். ஆனால் வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை பார்த்தீர்களா!

தூசியைத் தட்டுவது வேறு, தூசியை அகற்றுவது வேறு. வீட்டுக்குள் தட்டினால் தூசி எங்கேயும் போவதில்லை. கம்பளத்திலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து நம் மூச்சுக்கு, மிச்சம் மீண்டும் கம்பளத்துக்கு. இவ்வளவுதான் அதன் பயணம்.

தூசிக்குள்ளே யார்?

"தூசி என்றால் தெருமண்தானே டாக்டர்?" என்று கேட்பீர்கள். மண் மட்டும் இல்லை. நம் உடம்பிலிருந்து தினமும் உதிரும் தோல் செதில், துணி நார், பூஞ்சைத் துகள், கரப்பான் பூச்சியின் கழிவு எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத ஒரு குடும்பமே வாழ்கிறது. தூசி உண்ணி என்று பெயர். ஆங்கிலத்தில் டஸ்ட் மைட் என்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவுதான் இருக்கும். சிலந்திக்குத் தூரத்து உறவு. எட்டுக் கால்.

இது கடிக்காது, ரத்தம் குடிக்காது. நாம் உதிர்க்கும் தோல் செதில்தான் இதற்குச் சாப்பாடு. தண்ணீர் தேடி எங்கும் போகாது. காற்றில் இருக்கும் ஈரத்தையே உடம்பால் உறிஞ்சிக் கொள்ளும். அதனால்தான் கடலோர ஊர்களிலும் அடைமழைக் காலத்திலும் இதற்குக் கொண்டாட்டம்.

இந்த உண்ணியைவிட அதன் எச்சம்தான் தொல்லை. அந்த நுண்ணிய உருண்டைகளில் உள்ள புரதம் சிலருக்கு மூச்சுக் குழாயைச் சுருங்க வைக்கிறது. தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இரைப்பு, தோலில் கரப்பான் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இந்த உண்ணிதான் மூலமோ என்று 1964-ல் நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரைச் சேர்ந்த ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். நான் படித்த கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே 1964-ல்தான்!

சித்த மருத்துவத்தில் இரைப்பு நோயைச் சுவாசகாசம் என்கிறோம். ஐயக் குற்றம் மிகுந்து மூச்சின் வழியை அடைப்பதாகச் சொல்கிறோம். தூசி, புகை, குளிர்ந்த காற்று ஆகியவை அதைத் தூண்டுபவை. தூண்டுவதை வீட்டில் விரித்து வைத்துக்கொண்டு மருந்தை மட்டும் குடித்தால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

வெயிலே முதல் மருந்து

நம் பாட்டிமார் சித்திரை வெயிலில் மெத்தை, தலையணை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் காயப் போடுவார்களே, அது வெறும் சம்பிரதாயம் அல்ல. 1994-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் டோவே, உல்காக் என்ற இரு ஆய்வாளர்கள் கம்பளங்களை நேரடி வெயிலில் போட்டுச் சோதித்தார்கள். வெயிலின் சூடும் அதனால் வரும் வறட்சியும் உண்ணிகளைக் கொன்றுவிடும் என்று கண்டார்கள். பாட்டி சொன்னது சரிதான்!

ஆனால் ஒன்று. உண்ணி செத்தாலும் அதன் எச்சம் கம்பளத்திலேயே கிடக்கும். ஆகவே வெயிலில் போட்டதோடு வேலை முடியாது. முதலில் வெயில், பிறகு தட்டல், கடைசியில் துடைத்தல் அல்லது துவைத்தல். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

செய்முறை

1. கம்பளத்தை வீட்டுக்குள் உதறாமல் மெதுவாகச் சுருட்டி மாடிக்கோ முற்றத்துக்கோ எடுத்துப் போங்கள். சுருட்டும்போது இரைப்பு உள்ளவர்கள் அந்த அறையில் இருக்கக் கூடாது.

2. காலை பத்து மணிக்கு மேல், நன்றாகச் சூடேறிய தரையில் விரியுங்கள். பூவேலை உள்ள முகம் கீழே, முதுகு மேலே இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு திருப்பிப் போடுங்கள். முகத்தை அதிக நேரம் வெயிலில் காட்டினால் சாயம் வெளுக்கும். அதனால் திருப்பிய பிறகு ஒரு கண் வைத்திருங்கள்.

3. பிறகு கைப்பிடிச் சுவரிலோ கெட்டியான கொடிக்கயிற்றிலோ தொங்கவிட்டு, முதுகுப் பக்கம் பிரம்பால் தட்டுங்கள். காற்று உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசும்படி நில்லுங்கள். மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடிக் கொள்ளுங்கள். கொரோனாவுக்கு வாங்கியது வீட்டில் இருக்குமே! தூசி ஒவ்வாமை உள்ளவர் இந்த வேலையை எடுத்துக் கொள்ளவே வேண்டாம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள்.

4. கம்பளம் கிடந்த தரையை ஈரத் துணியால் துடையுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தரை காய்ந்த பிறகே மறுபடி விரிக்க வேண்டும்.

5. எல்லாம் முடிந்து ஒரு மணி நேரமாவது ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, அதன்பிறகு குழந்தையை உள்ளே விடுங்கள். காற்றில் கிளம்பிய தூசி தரையில் இறங்க நேரம் வேண்டும்.

மாதம் ஒருமுறை இப்படிச் செய்தால் போதும். வாரத்தில் இரண்டு நாள், துணியை நனைத்து, சொட்டு விழாதபடி பிழிந்து, கம்பளத்தின் இழை சாய்ந்திருக்கும் திசையிலேயே துடைத்து எடுங்கள். துடைத்த துணியைத் தனியே அலசிக் காயப் போடுங்கள்.

"எங்கள் வீட்டில் வாக்குவம் கிளீனர் இருக்கிறதே?" நல்லது. மெதுவாக, ஒரே இடத்தில் பலமுறை ஓட்டுங்கள். ஆனால் அதன் பின்பக்கம் வழியாக நுண்ணிய தூசி வெளியே வரும் மெஷின் என்றால் பயனைவிடத் தொல்லை அதிகம். 'ஹெப்பா' வடிகட்டி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: வாக்குவம் மேல் தூசியை இழுக்கும். இழையைப் பற்றிக் கொண்டிருக்கும் உயிருள்ள உண்ணியை முழுதாக இழுக்காது. அதற்கு வெயிலேதான் வேண்டும்.

எந்த விரிப்புக்கு என்ன கவனிப்பு?

*பருத்தி ஜமுக்காளம்:* காவிரியும் பவானி ஆறும் கூடும் பவானியிலிருந்து வருகிறதே, அந்த வகை. துவைக்கலாம், அலசலாம், பிழியலாம், வெயிலில் காய வைக்கலாம். ஏழைக்கும் ஏற்றது, இரைப்புக்காரருக்கும் ஏற்றது. முதல் இரண்டு மூன்று தடவை சாயம் போகும். தனியாகப் பச்சைத் தண்ணீரில் துவையுங்கள்.

*கம்பளிக் கம்பளம்:* காஷ்மீரிலும், உத்தரப்பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் பக்கத்திலும் கையால் முடிச்சுப் போட்டு நெய்வார்கள். கம்பளி ஆட்டு ரோமம். நம் தலைமுடி போல்தான். வெந்நீர், சலவை சோடா, பிளீச்சிங் பவுடர் எதுவும் ஆகாது. பூந்திக்கொட்டை போதும். பத்துப் பன்னிரண்டு காய்களின் கொட்டையை நீக்கி, தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டினால் நுரை வரும். அந்த நுரையை மட்டும் துணியில் தொட்டுத் துடைத்து, பிறகு வெறும் ஈரத் துணியால் இரண்டு தடவை துடையுங்கள். வெளிர் நிறக் கம்பளத்தில் பழுப்பு ஏறக்கூடும். ஒரு மூலையில் சோதித்த பிறகு இறங்குங்கள். கண்ணில் பட்டால் எரியும், ஜாக்கிரதை.

*நைலான், பாலிப்ரொப்பிலீன் கம்பளம்:* இப்போது கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இந்த இனம். தண்ணீருக்குப் பயமில்லை. ஆனால் அடியில் ரப்பர் பூச்சு இருந்தால் உள்ளே ஈரம் தங்கும். கடும் வெயிலில் ரப்பர் வெடிக்கும். இதற்கு இளவெயில், வாக்குவம், ஈரத் துணி மூன்றும் போதும்.

*பட்டுக் கம்பளம்:* வீட்டில் கை வைக்காதீர்கள். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

*கோரைப்பாய்:* எங்கள் பத்தமடைப் பாயை எடுத்துக் கொள்ளுங்கள். தாமிரபரணித் தண்ணீரில் ஊறிய கோரை. இழை மேலே தூக்கி நிற்காததால் உண்ணி ஒளிந்துகொள்ள இடம் குறைவு. ஈரத் துணியால் ஒரு துடை, கொஞ்ச நேரம் வெயில், சுருட்டி நிறுத்தி வை. முடிந்தது வேலை! நனைந்த பாயை மட்டும் அப்படியே சுருட்டி வைக்காதீர்கள். பூஞ்சை பிடிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் கவனம்

கம்பளம் நனைந்தால் ஒரு நாளுக்குள் முழுதாகக் காய வேண்டும். மேலே தொட்டால் காய்ந்தது போல் இருக்கும், அடியில் ஈரம் இருக்கும். இரண்டு நாள் தாண்டினால் முடைநாற்றம் வரும். நாற்றம் வந்துவிட்டால் பூஞ்சை வந்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் பவுடரும் சென்டும் தெளித்துப் பயனில்லை. ஆகவே மழை மூட்டம் போட்ட நாளில் கம்பளம் கழுவ உட்காராதீர்கள். ஈரம் எடுக்கும் என்று உப்பைத் தூவும் பழக்கமும் சிலரிடம் உண்டு. உப்பு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். மிச்சம் கிடந்தால் கம்பளம் பிசுபிசுக்கும்.

கறை பட்டால்

பொதுவிதி ஒன்றுதான்: ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் கறை உள்ளே இறங்கும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

*காபி, டீ:* உடனே ஒற்றி, பச்சைத் தண்ணீர் தொட்டு மறுபடி ஒற்றுங்கள். பிறகு பூந்திக்கொட்டை நுரை.

*எண்ணெய், நெய்:* அரிசி மாவோ முகப் பவுடரோ தூவி ஒரு மணி நேரம் விட்டு, வழித்து எடுங்கள். மாவு மிச்சம் இருந்தால் எறும்பு வரும்.

*ரத்தம்:* பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை உறைந்துவிடும்.

*சாம்பார், மஞ்சள்:* சோப்பு பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும். பதற வேண்டாம், அது மஞ்சளின் குணம். சோப்பை ஈரத் துணியால் நன்றாக எடுத்துவிட்டு வெயிலில் காட்டுங்கள். மஞ்சள் நிறம் வெயிலுக்குத் தாங்காது, சில நாளில் மங்கும்.

*மெழுகு:* ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே வைத்தால் கெட்டியாகும். பிறகு கரண்டிக் காம்பால் பெயர்த்து எடுங்கள்.

*குழந்தையின் சிறுநீர்:* ஒற்றி எடுத்து, தண்ணீர் தொட்டு ஒற்றி, கடைசியில் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஒற்றுங்கள். மறுபடியும் வெறும் தண்ணீர். பிறகு வெயில்.

எதைத் தொடும் முன்பும் ஒரு மூலையில் ஈர வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

இவை வேண்டாம்

பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிடையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். நல்ல நுரையீரலையே புண்ணாக்கும், இரைப்புக்காரருக்கு உயிருக்கே ஆபத்து. இப்போது சொன்ன வினிகரும் அமிலம்தான். அதையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது.

சுருட்டி வைக்கும் கம்பளத்துக்குள் நாப்தலீன் உருண்டை (பாச்சை உருண்டை) போடுகிறோம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே சிலருக்கு உண்டு. அப்படிப்பட்ட பச்சைக் குழந்தைகளுக்கு இந்த உருண்டையின் நெடியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடலாம். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்ட குழந்தைகளும் உண்டு. அதற்குப் பதில் காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை, துணியில் முடிந்த வசம்பு போடலாம். இவை அந்துப்பூச்சியை ஓரளவு தள்ளி வைக்கும், அவ்வளவுதான். பூச்சி வராமல் இருக்க, நன்றாகக் காய்ந்த கம்பளத்தைச் சுருட்டி வைப்பதும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்ப்பதும்தான் நல்ல வழி.

சாம்பிராணிப் புகை? சித்த மருத்துவனாக இருந்தும் சொல்கிறேன், மூச்சு இழுப்பு உள்ளவர் இருக்கும் அறையில் எந்தப் புகையும் வேண்டாம். கொசுவர்த்திச் சுருளும் அப்படியே.

மாதக் கணக்கு

எங்கள் பக்கத்து வீடுகளுக்கு நான் சொல்லும் கணக்கு இது. சித்திரையில் வீட்டிலுள்ள எல்லா விரிப்புக்கும் நல்ல வெயில். ஆனி, ஆடியில் காற்று மண்ணை அள்ளி வரும். அந்த மாதங்களில் கம்பளத்தைச் சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றி வைத்துவிடுங்கள். புரட்டாசியில் மழைக்கு முந்திய ஒரு வெயில். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரை வெறுமையாக இருக்கட்டும், பாய் போதும். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம் அல்லவா? தையில் மறுபடி வெயில் காட்டி விரிக்கலாம்.

படுக்கையை மறந்துவிடாதீர்கள்!

கூடத்துக் கம்பளத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, படுக்கையை விட்டால் பாதி வேலைதான். ராத்திரி எட்டு மணி நேரம் முகம் பதிவது தலையணையில். தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள். அளவு பார்க்கக் கருவி வேண்டாம். கொதித்த தண்ணீர் பாதி, குழாய்த் தண்ணீர் பாதி. சூடு ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும். குழந்தைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக் கொள்ளுங்கள். இலவம்பஞ்சு மெத்தையையும் தலையணையையும் வாரம் ஒரு நாள் வெயிலில் போடுங்கள்.

வாங்கும் முன் ஒரு கேள்வி

கடையில் கம்பளம் பார்த்து ஆசைப்படும்போது ஒன்றே ஒன்று கேட்டுக் கொள்ளுங்கள். "இதை நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து தூக்கி மாடி வெயிலுக்குக் கொண்டுபோக முடியுமா?" முடியும் என்றால் வாங்குங்கள். முடியாது என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். சுவருக்குச் சுவர் ஒட்டிப் போடும் கம்பளம் நம் ஊர் ஈரத்துக்கும் தூசிக்கும் பொருந்தாது. இரைப்பு உள்ளவர் படுக்கும் அறையில் எந்தக் கம்பளமும் வேண்டாம்.

மருந்தை நிறுத்தாதீர்கள்

கம்பளத்தை எடுத்துவிட்டால் இரைப்பு போய்விடும் என்று நான் சொல்லவில்லை. இரைப்புக்குக் காரணம் பல. சளி, புகை, கரப்பான் பூச்சி, பூனை, நாய் ரோமம், குளிர் என்று வரிசை நீளம். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆடாதோடையும் தூதுவளையும் நல்லவைதான். ஆனால் அவற்றையும் மருத்துவரிடம் நேரில் காட்டி, அளவு கேட்டே கொடுக்க வேண்டும். பேசும்போது ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தால், உதடு நீலம் பாரித்தால், கஷாயம் வைக்கிற நேரம் அல்ல அது. உடனே ஆஸ்பத்திரி!

அந்தக் குழந்தை?

அன்றைக்கு ஆச்சியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப நான்தான் பிள்ளைக்குச் சீக்கு உண்டாக்கிட்டேனா?" என்று கண் கலங்கினார். "இல்ல ஆச்சி. நீங்க பாசத்துல செஞ்சீங்க. அந்தத் தூசி எங்க போகுதுன்னு முதல் மாசமே நான் வந்து பாத்துச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

குழந்தைக்கோ வேறு கவலை. "அப்பா கார்ப்பெட்டைத் தூரப் போட்டுருவீங்களா?" தூரப் போட வேண்டாம் என்று முடிவு செய்தோம். வெயில் காட்டி, மாடியில் தட்டி, வேட்டியில் சுற்றி மச்சு அறையில் வைத்தார்கள். அப்பா லீவில் வரும்போது வெயில் காட்டி எடுத்து விரிப்பது, அவர் போனதும் மறுபடி சுருட்டுவது என்று ஏற்பாடு. கூடத்தில் பத்தமடைப் பாய் வந்தது. தலையணை உறைகளை ஆச்சி வாரந்தோறும் வெந்நீரில் போட ஆரம்பித்தார்.

இரண்டு மாதத்தில் ராத்திரி இருமல் குறைந்தது. இழுப்பு பத்து நாளுக்கு ஒருமுறை என்பது மாறி, மார்கழிக் குளிரில் மட்டும் எட்டிப் பார்த்தது. இன்ஹேலர் இன்னும் பையில் இருக்கிறது, அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் பெயர் கொடுத்திருப்பதாக ஒருநாள் வந்து சொன்னாள்.

அதிலிருந்து, இரைப்போடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "வீட்டுல எதுல படுக்கிறீங்க? அதை எப்ப வெயில்ல போட்டீங்க?"

இன்று சாயங்காலம் துடைப்பத்தைக் கையில் எடுக்கும்போது நீங்களும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் குழந்தை இருக்கிறதா? அப்படியானால் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஈரத் துணியை எடுங்கள். வெயில் வந்ததும் மற்றதைப் பார்த்துக் கொள்ளலாம்.